சிப் பாதி, குழாய் பாதி
காது மெஷின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருச்சி தில்லை நகரில் ஒரு மாடி அறையில் முப்பத்தெட்டு வருஷமாகக் காது மெஷின் பழுது பார்க்கிறேன். டாக்டர் இல்லை, கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்தும் ஆடியாலஜிஸ்டும் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, அம்மாவின் காதுக்காக இந்தத் தொழிலுக்குள் வந்தவன். யாருக்கு எந்த மெஷின் என்பதைக் காது மருத்துவரும் ஆடியாலஜிஸ்டும்தான் சொல்ல வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது, ஏன் சில நேரம் அது நம்மைப் படுத்துகிறது என்பதை என்னால் சொல்ல முடியும். எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

அப்பாவுக்கு 78 வயது. மெஷின் போட்டுக்கொண்டு பேத்தியைத் தூக்கி அணைத்தால் ‘கீ…’ என்று கத்துகிறது. சாப்பிடும்போதும் அப்படித்தான். மெஷின் கெட்டுவிட்டதா?
— வாசகி, கும்பகோணம்

பெரும்பாலும் மெஷின் நன்றாகவே இருக்கும். கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் போனால் அலறுகிறதே, அதே சங்கதிதான் இங்கேயும். காது மெஷினில் மைக்குக்கும் ஒலி வெளியே வரும் வாய்க்கும் நடுவே நாலைந்து சென்டிமீட்டர்கூட இருக்காது. பெருக்கமோ 40 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் ஒலியழுத்தம் நூறு மடங்கு. காதுக்குள் போன ஒலியில் துளி கசிந்து மைக்குக்குத் திரும்பினாலும் அது மறுபடி பெருகி, மறுபடி கசிந்து, சுற்றிச் சுற்றி விசிலாகிவிடும். இதைத்தான் ஃபீட்பேக் என்பார்கள். குழந்தையின் கன்னமோ தோளோ காதருகே வந்தால் கசிந்த ஒலி அதில் பட்டு நேராக மைக்குக்குப் போகிறது.

சாப்பிடும்போது ஏன்? சுண்டுவிரலைக் காதுக்குள் வைத்துக்கொண்டு, மெல்லுவது போல வாயை அசைத்துப் பாருங்கள். காதுக்குழி விரிந்து சுருங்குவது விரலிலேயே தெரியும். வயதாகி உடம்பு இளைத்தவர்களுக்குக் காதுச் சதையும் தளர்ந்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன் இறுக்கமாக இருந்த மோல்டு (காதின் அச்செடுத்துச் செய்து உள்ளே செருகும் பகுதி) இன்று தொளதொளவென்று இருக்கும். ஆகவே முதலில் காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். அடைப்பும் ஒலியைத் திருப்பி அனுப்பும். பிறகு புது அச்சு எடுத்து மோல்டு மாற்றுங்கள். அதற்கும் பிறகுதான் மெஷின்.

இப்போது வரும் டிஜிட்டல் மெஷின்களில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. கசிவு எந்த வழியாக, எவ்வளவு தாமதத்தோடு, எந்த அளவில் மைக்குக்குத் திரும்புகிறது என்பதைச் சிப் இடைவிடாமல் கணித்து, அதே மாதிரி ஒரு நகலைத் தயார்செய்து, மைக்கில் வந்ததிலிருந்து கழித்துவிடுகிறது. தொப்பி போட்டால், போனைக் காதில் வைத்தால் வழி மாறும். கணக்கும் கூடவே மாறும். இப்படித் தானே கற்றுக்கொண்டு மாறும் வடிகட்டியின் கணக்கை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விட்ரோவும் ஹாஃபும் 1960-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். காதுக்குப் பின்னால் உட்காரும் ஒரு சிப்பில், பொத்தான் பேட்டரியில் அது ஓடுவதற்கு இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நான் பாட்டு டீச்சர். புது மெஷினில் பேச்சு தெளிவாக இருக்கிறது, ஆனால் தம்புரா நடுங்குகிறது. ‘ஸா’ பிடித்தால் கூடவே இன்னொரு ஸ்வரம் அலைகிறது. என் காதுக்குத்தான் பித்தா?
— வாசகி, மயிலாப்பூர்

அம்மா, உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. மேலே சொன்ன கழித்தல் கணக்கின் பக்கவிளைவு இது. விசில் என்பது ஒரே சுருதியில் நீண்டு நிற்கும் ஒலி. தம்புராவும் அப்படித்தான், நீண்ட கார்வையும் அப்படித்தான். சிப்புக்கு வித்தியாசம் தெரியாமல் தம்புராவை விசில் என்று நினைத்துக் கழிக்கப் பார்க்கிறது. சில மெஷின்கள் இன்னொரு உபாயமும் செய்கின்றன. உள்ளே வந்த ஒலியும் வெளியே போகிற ஒலியும் குழம்பாமல் இருக்க, வெளியே போவதன் சுருதியைச் சில ஹெர்ட்ஸ் மட்டும் தள்ளிவிடும். பேச்சில் யாருக்கும் தெரியாது. காதுக்குள் நேராக நுழையும் தம்புராவோடு அது சேரும்போது, சுருதி சேராத இரண்டு தந்திகள் போல அலை அடிக்கும். ஸ்ருதி சுத்தமுள்ளவர்களுக்குத்தான் அது உடனே பிடிபடும்.

ஆடியாலஜிஸ்டிடம் “மியூசிக் புரோகிராம் தனியாக வேண்டும், அதில் ஃபீட்பேக் கழிப்பை நிறுத்துங்கள், அல்லது மிக மெதுவாக்குங்கள், இரைச்சல் குறைப்பையும் எடுத்துவிடுங்கள்” என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். நீங்களே தம்புராப் பெட்டியைக் கொண்டுபோய் அங்கேயே போட்டுக் காட்டுங்கள். கழிப்பை நிறுத்தினால் விசில் வர இடமுண்டு. அதற்கு மோல்டு நன்றாகப் பொருந்த வேண்டும். மறுபடி மோல்டுக்கே வந்துவிட்டேன். இந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கில் எவர்சில்வர் தட்டு விழுந்தால் இடி இடிக்கிறது. மருமகள் பக்கத்தில் நின்று பேசினால் சத்தம் வருகிறது, வார்த்தை வரவில்லை. சத்தம் கூட்டவா குறைக்கவா?
— வாசகர், தேனி

இந்தக் கேள்விக்காகத்தான் காது மெஷின் இன்ஜினீயர்கள் ஐம்பது வருஷம் செலவழித்திருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நல்ல காதுக்கு மிக மெல்லிய ஒலிக்கும் தாங்க முடியாத ஒலிக்கும் நடுவே ஏறத்தாழ 100 டெசிபல் இடமிருக்கிறது. உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் பழுதானவருக்கு 60 டெசிபலுக்குக் கீழே ஒன்றும் கேட்காது. ஆனால் 100 வந்தால் அவருக்கும் நம்மைப் போலவே தாங்க முடியாது. மிஞ்சியது 40 டெசிபல் இடம். உலகத்தின் எல்லா ஒலியும் அந்த ஒடுக்கு அறைக்குள் அடங்கியாக வேண்டும். பழைய மெஷின்கள் எல்லாவற்றையும் ஒரே அளவு பெருக்கின. கிசுகிசுப்புக்கும் 30, தட்டுச் சத்தத்துக்கும் 30. தட்டு ஏற்கெனவே 90-இல் இருந்தால் 120 ஆகும். அதைத் தடுக்க உச்சியை வெட்டிவிடுவார்கள்; வெட்டிய ஒலி கரகரக்கும். என் அம்மா சமையலறைக்குள் போகும்போது மெஷினை அணைத்துவிட்டுத்தான் போவாள்.

சரியான வழி, சின்ன ஒலிக்கு அதிகமும் பெரிய ஒலிக்குக் குறைவுமாகப் பெருக்குவது. கிசுகிசுப்புக்கு 35, சாதாரணப் பேச்சுக்கு 20, தட்டுக்கு ஏதும் வேண்டாம். இதைக் கம்ப்ரஷன் என்போம். ஸ்பீக்கர் பெட்டி வடிவமைப்பில் பெயர் வாங்கிய அமெரிக்கர் எட்கர் வில்ச்சர், தாழ்ந்த அலைவரிசைக்கு ஒன்று, உயர்ந்ததற்கு ஒன்று என்று தனித்தனிக் கம்ப்ரஷன் வைத்தால் வார்த்தை புரிகிறது என்பதைக் காது மந்தமானவர்களிடம் சோதித்து 1973-இல் கட்டுரையாக வெளியிட்டார். இரண்டே சானல்தான், அதாவது தனித்தனியாகக் கையாளும் இரண்டே அலைவரிசைப் பகுதிகள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். 1980-களின் கடைசியில் மீட் கில்லியன் செய்த கே-ஆம்ப் என்ற சர்க்யூட் இன்னும் அழகானது. பெரிய ஒலி வந்தால் காதில் மெஷினே இல்லாதது போல விட்டுவிடும். மெல்லிய ஒலியை, அதிலும் உயர்ந்த அலைவரிசையில் உள்ளதை மட்டும் தூக்கிக் கொடுக்கும். அவர் வயலின் வாசிப்பவர் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உயர்ந்த அலைவரிசை ஏன் முக்கியம்? கட்டி, சட்டி, தட்டி, பட்டி, வட்டி. இந்த ஐந்தையும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் யாரையாவது சொல்லச் சொல்லுங்கள். ‘அட்டி’ என்பது எல்லோருக்கும் கேட்கும். உயிரொலியின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில்தான். எது சட்டி எது தட்டி என்று பிரித்துக் காட்டும் அந்த முதல் கணம் மிக மெல்லியது, 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடக்கிறது. வயதான காது முதலில் இழப்பதும் அதைத்தான். “சத்தம் வருகிறது, வார்த்தை வரவில்லை” என்று நீங்கள் எழுதியது பாடப்புத்தகத்தில் போட வேண்டிய வாக்கியம்.

ஆகவே கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆடியாலஜிஸ்டிடம் போய், “மெல்லிய ஒலிக்கு உயர் அலைவரிசையில் கூடுதலாகவும், பெரிய ஒலிக்குக் குறைவாகவும் வையுங்கள்” என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் இரண்டு தனிக் கோடுகளாக அது இருக்கும். மருமகளிடம் ஒன்று சொல்லுங்கள்: சிங்க் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமல் உங்கள் முகம் பார்த்துப் பேசட்டும்.

டிரான்சிஸ்டர் முதலில் கடைக்கு வந்தது ரேடியோவில்தானே? எங்கள் வகுப்பில் ஒரு பந்தயம்.
— பாலிடெக்னிக் மாணவர், திருநெல்வேலி

ரேடியோ என்று கட்டியிருந்தால் தோற்றீர்கள், தம்பி. காது மெஷின்தான் முந்தியது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சோனோடோன் 1010 என்ற காது மெஷின் 1952-இன் கடைசியில் விற்பனைக்கு வந்தது. அதில் டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழலான வால்வும் உண்டு, டிரான்சிஸ்டரும் ஒன்று உண்டு. முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவான ரீஜன்சி டி.ஆர்.1 வந்தது 1954-இல்.

காரணம் பேட்டரி. வால்வு மெஷினில் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, மேல் மின்னழுத்தத்துக்கு இன்னொரு பேட்டரி. இடுப்பில் பை கட்டிச் சுமந்தார்கள். டிரான்சிஸ்டருக்கு இழையும் இல்லை, சூடும் இல்லை. மற்ற எல்லோரிடமும் காப்புரிமைப் பணம் வாங்கிய பெல் நிறுவனம், காது மெஷினுக்கு டிரான்சிஸ்டர் செய்தவர்களிடம் மட்டும் வாங்கவில்லை. அலெக்சாண்டர் கிரஹாம் பெல் காது கேளாதவர்களுக்குப் பாடம் சொன்னவர். அவர் நினைவுக்காகச் செய்தார்கள். ரேதியான் கம்பெனியில் காது மெஷினுக்கென்று செய்து, தரத்தில் தேறாமல் ஒதுக்கிய டிரான்சிஸ்டர்களைத்தான் சி.கே.722 என்று பெயரிட்டுப் பையன்களுக்கு மலிவாக விற்றார்கள். ஒரு தலைமுறை இன்ஜினீயர்கள் அதை வைத்துத்தான் சால்டரிங் பழகினார்கள். பல பாகங்களை ஒரே சில்லில் அடக்கும் ஐ.சி.யைக் கண்டுபிடித்த ஜாக் கில்பி அதற்கு முன் வேலை பார்த்த கம்பெனியில் காது மெஷின் சர்க்யூட்தான் செய்துகொண்டிருந்தார்.

அம்மாவிடம் இருந்தது சட்டைப் பை மாடல். தீப்பெட்டியைவிடப் பெரிய பெட்டி, அதிலிருந்து காதுவரை ஒரு முறுக்கு வயர். ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வாள். மைக் பெட்டியில்தான் இருந்தது, ஆகவே அவள் காது நெஞ்சில் இருந்தது. புடவைத் தலைப்பு ஒவ்வொரு முறை உரசும்போதும் ‘சர்ர்’ என்று ஒரு புயல். நாங்கள் பேசுவதைவிட அவள் கட்டியிருந்த சுங்குடிதான் அவளுக்கு அதிகமாகக் கேட்டது. 1962-இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்டும் செய்த எலெக்ட்ரெட் மைக் பின்னால் அந்த நிலையை மாற்ற உதவியது. மின்னேற்றம் நிரந்தரமாகத் தங்கிய மெல்லிய படலம், அதிர்வுக்கு அசைந்துகொடுக்காத லேசான எடை. மைக் தைரியமாகக் காதுக்கே ஏறியது. அம்மாவுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் வாங்கிக் கொடுத்த அன்று, “புடவை சும்மா இருக்கு” என்றாள்.

மெஷின் போட்டால் என் குரலே குடத்துக்குள் பேசுவது போல இருக்கிறது. வக்கீல் தொழில், வாதாடவே முடியவில்லை.
— வாசகர், சேலம்

காதை இரண்டு விரலால் அடைத்துக்கொண்டு “ஈ” என்று சொல்லிப் பாருங்கள், அதே குடம். நாம் பேசும்போது தாடை எலும்பு வழியாகக் காதுக்குழியின் சுவரே அதிர்கிறது. காது திறந்திருந்தால் அந்தத் தாழ்ந்த ஒலி வெளியே போய்விடும். மோல்டு அடைத்தால் உள்ளேயே தங்கிச் செவிப்பறையை முட்டும். எந்தச் சிப்பாலும் இதை முழுக்கத் தீர்க்க முடியாது. ஓட்டைதான் மருந்து. மோல்டில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துளை, வென்ட் என்போம். அல்லது மோல்டுக்குப் பதில் காதுக்குள் செருகும், நாலாபக்கமும் ஓட்டை போட்ட ரப்பர் டோம்.

ஓட்டை போட்டால் விசில் வருமே என்பீர்கள். அதனால்தான் பல வருஷம் எல்லோரும் குடத்துக்குள்ளேயே வாழ்ந்தார்கள். 2000-க்குப் பிறகு ஃபீட்பேக் கழிப்பு கைக்கு வந்ததும்தான் காதைத் திறந்தே வைக்கும் மெஷின் சாத்தியமாயிற்று. எலெக்ட்ரானிக்ஸ் ஒரு கதவைத் திறந்தது, அக்கவுஸ்டிக்ஸ் உள்ளே நுழைந்தது. உங்கள் ஆடியோகிராமில் (கேட்கும் சோதனையின் வரைபடம்) தாழ்ந்த அலைவரிசை நன்றாக இருந்தால் திறந்த டோம் கேளுங்கள். தாழ்ந்த பக்கமும் கேட்கும் திறன் குறைந்திருந்தால் பெரிய ஓட்டை வழியாகப் பலம் ஒழுகிவிடும். நடுத்தர வென்ட்தான் போட முடியும், மிச்சத்துக்குக் காது பழக வேண்டும்.

8 சானல் ஒரு விலை, 16 சானல் இரண்டு மடங்கு, 32 சானல் நாலு மடங்கு சொல்கிறார்கள். மகன் அனுப்பும் பணம். எதை வாங்கலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை

முதலில் ஒரு சம்பவம். லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். விலை உயர்ந்த மெஷின், சானலுக்குக் குறைவில்லை. “பஞ்சு வைத்த மாதிரி கேட்கிறது” என்றார். விற்ற இடத்தில் மூன்று முறை கம்ப்யூட்டரில் மாட்டி மாற்றியும் சரியாகவில்லையாம். மெஷினைக் கழற்றி மோல்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னாலிருந்து மோல்டுக்கு வரும் பிளாஸ்டிக் குழாய் மஞ்சளாகி விறைத்திருந்தது. யாரோ அதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பசை உள்ளே வழிந்து, இரண்டு மில்லிமீட்டர் துவாரத்தில் பாதியை மூடியிருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் பாகு உறைந்த மாதிரி ஒரு பிறை தெரிந்தது. இழுத்துப் போட்டுவிட்டுப் புதுக் குழாய் செருகினேன். அரை மணி வேலை. படியில் பாதி இறங்கியவர் திரும்ப ஏறி வந்தார். “செருப்பு சத்தம் கேக்குதுங்க” என்றார். அவர் நின்ற படியை இப்போதும் என்னால் காட்ட முடியும்.

அந்தக் குழாய் வெறும் வழி இல்லை, அதுவும் ஒரு கருவி. புல்லாங்குழலின் நீளத்துக்கு ஒரு ஸ்வரம் இருப்பது போல, மெஷினிலிருந்து செவிப்பறைவரை உள்ள குழாய்க்கும் ஒரு சொந்த ஒலி உண்டு. ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸில் அது தானே முட்டி எழும்பும், பேச்சு கூச்சலாகும். காதின் மேல் மாட்டும் கொக்கியில் ஒரு நுண்ணிய வலை வைத்தால் அந்த முட்டல் அடங்கும். டாம்பர் என்று கேளுங்கள், சின்ன உருப்படிதான். குழாயின் கடைசிப் பகுதியை 2 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டராக விரித்தால் 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே ஒலி கூடும். நாதஸ்வரத்தின் அடி ஏன் விரிந்திருக்கிறது என்று யோசியுங்கள். குறுக்கினால் அதே இடத்தில் குறையும். சட்டிக்கும் தட்டிக்கும் வித்தியாசம் காட்டும் ஒலி அங்கேதான் இருக்கிறது என்று மேலே சொன்னேன். சிப் சிரமப்பட்டுத் தூக்கிக் கொடுத்ததைக் குழாயில் வழிந்த பசை தின்றுவிடும்.

இன்னொன்று, காதின் சொந்த அமைப்பு. பெரியவர்களின் காதுக்குழி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அது ஒருபக்கம் அடைத்த குழாய்; 2700 ஹெர்ட்ஸ் அருகில் இயற்கையாகவே ஒலியைப் பெருக்கித் தருகிறது. மோல்டு வைத்த நிமிஷம் அந்த இலவசப் பெருக்கம் போய்விடும், மெஷின் அதையும் ஈடுகட்ட வேண்டும். ஒவ்வொரு காதிலும் இது வேறு. ஃபேக்டரியில் 2 கனசென்டிமீட்டர் உலோகக் குழியில் வைத்து அளக்கிறார்கள், உங்கள் காது உலோகக் குழி இல்லை. நூல் போன்ற சிலிகோன் குழாயைச் செவிப்பறை அருகே வைத்து, மெஷின் ஓடும்போதே உள்ளே எவ்வளவு ஒலி வருகிறது என்று அளக்கும் முறை இருக்கிறது. ரியல் இயர் என்பார்கள். அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள்.

என் யோசனை இதுதான்: எட்டு, பன்னிரண்டு சானல் பேச்சுக்குப் போதும். வில்ச்சர் இரண்டில் காட்டினார். மிச்சப் பணத்தில் இரண்டு காதுக்கும் வாங்குங்கள், நல்ல மோல்டு போடுங்கள், ரியல் இயர் அளக்கும் இடத்தில் பொருத்துங்கள். மேல் விலைக்கு நியாயம் இருப்பது அடுத்த கேள்வியில் வருகிறவர் போன்றவர்களுக்கு.

ஒரு குறிப்பு. ஸ்பீக்கரைக் காதுக்குள்ளேயே வைக்கும் மாடல் இப்போது நிறைய விற்கிறது. குழாயே இல்லாததால் அதன் தொல்லைகளும் இல்லை, ஒலி சுத்தம். ஆனால் அந்த ஸ்பீக்கர் அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது, வியர்வையும் காது அழுக்கும் நேராக அதன் வாயில் விழும். காதில் சீழ் வருகிறவர்களும், அழுக்கு அதிகம் சேர்கிறவர்களும் நம் வெயிலுக்குக் குழாய் மாடலையே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் மேஜைக்கு வந்த உருப்படிகளைப் பார்த்த அபிப்பிராயம்.

கல்யாணத்துக்குப் போனால் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறேன். எல்லாம் ஒரே இரைச்சல். வழி உண்டா?
— வாசகர், காரைக்குடி

வழி உண்டு, முழு வழி இல்லை. மெஷினின் முதுகில் இரண்டு சின்ன ஓட்டைகள் தெரியும். இரண்டும் மைக். நடுவே ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதைக் கடக்க ஒலிக்கு ஒரு விநாடியின் முப்பத்து நாலாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். முன்னால் இருந்து வருவது முதல் மைக்கை முதலில் தொடும், பின்னால் இருந்து வருவது இரண்டாவதை. அந்த நூலிழை நேரத்தை வைத்துச் சிப் பின்பக்க ஒலியைக் குறைக்கிறது. ஆகவே பந்தியில் சுவருக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். நாதஸ்வரத்துக்கு முதுகு காட்டி, பேசுகிறவருக்கு முகம் காட்டி உட்காருங்கள்.

இதற்கு இரண்டு மைக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். தேங்காய் எண்ணெயும் முகப்பவுடரும் விபூதியும் சேர்ந்து ஒரு ஓட்டையை அடைத்தால் திசைக்கணக்கு அங்கேயே படுத்துவிடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓட்டை வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை தெரியும். தலைக்கு எண்ணெய் தடவி, கையைத் துடைத்த பிறகு மெஷினைத் தொடுங்கள். மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் மேலாகத் துடையுங்கள், ஊசி வேண்டாம்.

பேச்சையும் இரைச்சலையும் ஆயிரக்கணக்கான மணி நேர ஒலிப்பதிவில் பழகிப் பிரிக்கும் செயற்கை நரம்பு வலைச் சிப்கள் 2020-க்குப் பிறகு வந்திருக்கின்றன. கேட்டுப் பார்த்தேன், பெரிய முன்னேற்றம்தான். சபை, கூட்டம் என்று தினமும் போகிறவர்கள் அதற்குப் பணம் கொடுக்கலாம். ஆனாலும் எதிரே இருப்பவரின் சட்டையில் ஒரு சின்ன வயர்லெஸ் மைக்கைச் செருகினால் கிடைக்கும் தெளிவுக்கு ஈடு வேறில்லை. ஒலி பிறக்கிற இடத்திலேயே பிடித்துவிடுகிறோம்.

பேட்டரி ஒரு வாரம்கூட வருவதில்லை. ஸ்டிக்கரை எடுத்ததும் போட்டுவிடுகிறேன்.
— வாசகி, நாகப்பட்டினம்

அது துத்தநாக-காற்று பேட்டரி; காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான் மின்சாரம் தருகிறது. ஸ்டிக்கரை உரித்ததும் ஒன்றிரண்டு நிமிஷம் வெளியே வைத்துவிட்டு உள்ளே போடுங்கள்; காற்று நிறையட்டும். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினால் பெரிய பலன் இல்லை. கடலோர ஈரக்காற்றில் ஆயுள் குறைவது உண்மை. இரவில் மெஷினின் பேட்டரிக் கதவைத் திறந்து, மெஷினைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். பேட்டரியை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், ஜெல் அதையும் உலர்த்திவிடும். நீல ஸ்டிக்கர் 675, ஆரஞ்சு 13, பழுப்பு 312, மஞ்சள் 10. நிறம் பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

பாப்பாவுக்கு ஒன்பது மாதம். பிறவியிலேயே கேட்கவில்லை. மெஷின் போட்டாயிற்று. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மோல்டு மாற்றச் சொல்கிறார்கள். செலவு ஒரு பக்கம், குழந்தை அழுவது ஒரு பக்கம். அவசியமா?
— ஒரு தாய், தருமபுரி

அவசியம், அம்மா. இந்த ஒரு வருஷம் தள்ளிப்போடவே வேண்டாம். குழந்தையின் காது மாதாமாதம் வளர்கிறது. மோல்டு தளர்ந்தால் விசில் வரும். விசிலை நிறுத்தச் சத்தத்தைக் குறைப்பார்கள். குறைத்தால் ‘ச’வும் ‘த’வும் பாப்பாவுக்குப் போய்ச் சேராது. கேட்காத ஒலியை அவள் சொல்லிப் பழக முடியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒலி அடைபடும் இடம் பாதியானால் அதே மெஷின் தரும் அழுத்தம் 6 டெசிபல் கூடும். பாப்பாவின் காதுக்குழி நம்முடையதைவிட எவ்வளவோ சின்னது. பெரியவர் கணக்கில் பொருத்திய மெஷின் அவளுக்குத் தேவைக்கு மேல் கத்தும். வளர வளர அந்த அழுத்தம் தானே குறைந்துகொண்டு வரும். அதனால் ஒவ்வொரு புது மோல்டோடும் காதுக்குள் மறுபடி அளந்து, மெஷினின் கணக்கையும் மாற்ற வேண்டும். குழந்தைக் காதின் வித்தியாசத்தை அளக்கத் தனி முறை இருக்கிறது, சில நிமிஷம்தான் ஆகும். மோல்டு மாற்றும் நாளிலேயே அதையும் கேட்டு வாங்குங்கள்.

கடினமான அக்ரிலிக் வேண்டாம், மெத்தென்ற சிலிகோன் மோல்டு சொல்லுங்கள். அச்சு எடுக்கும்போது உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது எடுப்பவர்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். இறுகிப்போனால் வீட்டில் பிளேடால் சீவ வேண்டாம். பேட்டரிக் கதவுக்குக் குழந்தைப் பூட்டு போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அடுத்த முறை போகும்போது பழைய மோல்டுகளையும் எடுத்துப் போங்கள். எந்த இடத்தில் தளர்ந்தது என்று புது அச்சு எடுப்பவருக்கு அதில் தெரியும்.